ஒறங்கான் தாவு

சித்திரவேல் மண்ணுக்குள் போய்ப் படுத்தது ஒரு பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெற்கே நடந்ததை ஊரில் பலரும் பார்த்தார்கள். ஒறங்கான் மீன் தோண்டப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மனைவி பூமயிலும் அப்படித்தான் நினைத்தாள், நினைத்துக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டாள்.

கீழக்கொறட்டி என்ற அந்த ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய பள்ளம் கிடந்தது. தாழ்ந்த நிலத்தை அந்தப் பக்கத்தில் தாவு என்பார்கள். ஐப்பசி மழையில் தாவு நிறையும், கோரை ஆள் உயரம் எழும்பும், தை வரைக்கும் தண்ணீர் நிற்கும், மாசியில் சேறாகும், பங்குனி பிறந்தால் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துவிடும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் அந்தத் தாவில் இருந்தது. ஒரு சாண் நீளம், சேற்று நிறம், வாலோரத்தில் மட்டும் செங்கல் பொடியைத் தூவியது போல ஒரு கோடு. தண்ணீர் வற்ற வற்ற அது சேற்றுக்குள் தலையைக் கொடுத்துத் துளைத்துக்கொண்டு போய், முழங்கை ஆழத்தில் சுருண்டு, வெங்காயச் சருகு போல ஓர் உறையைத் தன்மேல் கட்டிக்கொண்டு, மறு மழை வரைக்கும் தூங்கும். அதனால் அதற்கு ஒறங்கான் என்று பெயர். பக்கத்து ஊர்க் கண்மாயில் விட்டால் மூன்றாம் நாள் செத்து மிதக்கும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் கண் திறக்காது. வானத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் எழுந்திருக்கும்.

வடித்த சோறு ஆறிப்போய், வெயிலும் சாய ஆரம்பித்த பிறகு பூமயில் புருசனைத் தேடிப் போனாள். தாவின் நடுவில் மண்வெட்டி குத்தி நின்றது. பக்கத்தில் சட்டை மடித்து வைத்திருந்தது. சட்டைக்கு அருகே புதிதாய் மூடிய மண். அவள் கையாலேயே தோண்டினாள். முழங்கால் ஆழத்தில் சித்திரவேல் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தார். தலை முதல் கால் வரை அதே வெங்காயச் சருகு உறை மூடியிருந்தது. உறைக்குள் அவர் முகம், கல்யாணமான புதிதில் எப்படி இருந்ததோ அப்படி, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபமணியைக் கூட்டிவந்தார்கள். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள்.

"உயிர் இருக்குக்கா. பதினோரு நிமிசத்துக்கு ஒரு மூச்சு விடுறாரு."

"எழுப்பலாமா?" என்று கேட்டாள் பூமயில்.

"ஒறங்கான எப்படி எழுப்புவீங்க?"

"அத எழுப்ப முடியாது. மழை வரணும்."

"அப்ப இதுக்கும் அதுதான்" என்றாள் ஜெபமணி, தன் பையை மூடிக்கொண்டே.

ஊராட்சித் தலைவர் இருளப்பன் குழியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "மூடிருங்கப்பா. மனுசன் மேல வெயில் படுது" என்றார். நாலு பேர் சேர்ந்து மண்ணைத் தள்ளினார்கள். ஆடு மாடு மிதிக்காமலிருக்க அன்றே சுற்றிலும் கருவேல முள் வெட்டிப் போட்டார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் ஏன் போய்ப் படுத்தார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாமல் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, தை மாதத்தில், அவர்களுடைய ஒரே மகள் அமுதரசி பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். எழவு வீட்டில் சித்திரவேல் அழவில்லை. பூமயிலும் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள், கொடுத்த டம்ளர்களைத் திரும்ப வாங்கிக் கழுவினாள். அதற்குப் பிறகு கோரை அறுக்கும்போது ஒருநாள் அரிவாள் அவள் விரலை ஆழமாகக் கிழித்தது. பக்கத்தில் அறுத்தவள் கத்திய பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். யாரோ சிந்திய ரத்தத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அந்தக் கோடை முழுக்க அவள் தினமும் காலையில் தாவுக்குப் போய் முள்வேலியைச் சரிபார்த்து வந்தாள். ரேசன் கடையில் கைரேகை வைக்க அட்டைக்காரர்தான் வரவேண்டும் என்று சொன்னபோது, கடைக்காரர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தாவுக்கு வந்தார். ஒரு முழம் மண்ணை விலக்கி, உறைக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரலை மட்டும் மெல்ல எடுத்து, துடைத்து, வைத்து அழுத்திவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்கள். இயந்திரம் அவரை ஏற்றுக்கொண்டது. கிராம நிர்வாக அதிகாரி மட்டும் அவரை உயிரோடு இருப்பவர்கள் கணக்கில் வைப்பதா, ஊரில் இல்லாதவர்கள் கணக்கில் வைப்பதா என்று இரண்டு வாரம் யோசித்து, கடைசியில் "தாவில் உள்ளார்" என்று பென்சிலால் எழுதிக்கொண்டு போனார்.

ஐப்பசி மூன்றாம் தேதி மழை இறங்கியது. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம், தாவில் முழங்கால் தண்ணீர் நின்று, ஒறங்கான்கள் ஒவ்வொன்றாக மண்ணைக் கீறி மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, சித்திரவேலும் எழுந்து, சேறு வழிய, கோரையை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். நகம் வளரவில்லை. தாடி வளரவில்லை. அவர் போனபோது பூமயிலுக்கு நெற்றியோரம் கருப்பாக இருந்த முடி இப்போது நரைத்திருந்தது. அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, வாசலில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அமுதா எங்க?"

பூமயில் சுவரைக் காட்டினாள். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்தது. ஒன்பது நாள் கஞ்சி குடித்தார். பத்தாம் நாள் வயலுக்குப் போனார். வேலை செய்தார், சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார். மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் தினமும் தெற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எப்படி இருக்கும்?" என்று ஒருமுறை பூமயில் கேட்டாள்.

"ஒண்ணுமே இருக்காது" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இளகியிருந்தது.

இரண்டாம் வருசம் அவரோடு பதினோரு பேர் போனார்கள். தம்பியோடு பாகப்பிரிவினையில் அடிதடியாகி ஊர் நடுவில் அவமானப்பட்ட மலைராசு, புருசன் ஒருநாளும் தன் முகம் பார்த்துப் பேசாத மூக்காயி, இன்னும் இப்படி ஏதாவது ஒன்று உள்ளே கிடந்து அரித்தவர்கள். மூன்றாம் வருசம் நாற்பத்தொரு பேர். அதற்குள் ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. சித்திரையில் நடக்கும் கோயில் கொடை கார்த்திகைக்குப் போனது, ஏனென்றால் சப்பரம் தூக்க ஆள் இல்லை. கல்யாணப் பத்திரிகையைத் தூங்குகிறவர்மேல் குவித்த மேட்டு மண்ணின்மேல் வெற்றிலையோடு வைத்து ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார்கள். வாய்விட்டு அழைத்ததாகவே அது எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு குச்சி நட்டு, குச்சியில் தகரம் அடித்து, தகரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் பெயர் எழுதினார்கள். தேர்தல் வந்தபோது ஓட்டுக் கேட்டு வந்தவர் அந்தத் தகரங்களைப் பார்த்துக் கும்பிட்டு, மேடு மேடாகப் பேர் சொல்லி வாக்குக் கேட்டுவிட்டுப் போனார். மதிய பஸ் நின்றுபோனது. வீடுகளில் சண்டை குறைந்தது. கோடையில் ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது, காற்றில் கதவு ஆடினால் மூன்று தெரு தள்ளிக் கேட்டது.

மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற வாத்தியார் ஒருவர் பட்டணத்துக் கல்லூரியிலிருந்து வந்து பத்து நாள் தங்கியிருந்தார். அவர் வந்தது ஒறங்கானுக்காக. தகரங்களுக்கு நடுவில் கவனமாகக் கால் வைத்து நடந்து, ஒரு மீனைத் தோண்டி எடுத்து, அளந்து, படம் எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்து மூடினார். வேலி சரிபார்க்க வந்த பூமயிலிடம் வலியப் பேசினார்.

"இதோட வால்ல கொழுப்பு சேத்து வச்சிருக்கும்மா. அதத் தின்னுதான் உயிரோட இருக்கு. ஒரு மழை தவறினாலும் தாங்கும்."

"மனுசனுக்கு வால் இல்லயே சார்" என்றாள் பூமயில்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை; அவள் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை.

ஒவ்வொரு ஐப்பசியிலும் சித்திரவேல் வாசலில் வந்து நின்று "அமுதா எங்க?" என்றார். ஒவ்வொரு ஐப்பசியிலும் அவள் சுவரைக் காட்டினாள். மூன்றாம் தடவை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவருக்குச் சொல்வது போல, "செத்துப் போச்சுங்க, கால் கழுவிட்டு வாங்க" என்றாள்.

நாலாம் வருசமும் அதே நாற்பத்தொரு பேர் போய்ப் படுத்தார்கள். மழை வரவில்லை.

ஐப்பசி காய்ந்தது. கார்த்திகையில் மேகம் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுக் கடலுக்குத் திரும்பிப் போனது. மார்கழிப் பனியில் மேட்டு மண் காலையில் கருத்து, வெயில் ஏறியதும் வெளுத்தது. தை போய், மாசியும் போய், மறுபடி பங்குனி வந்தது. தாவுக்குள் நாற்பத்தொரு பேர் ஒரு முழு வருசமாகக் கிடந்தார்கள். ஜெபமணி வாரம் ஒருமுறை வந்து மேட்டுக்கு மேடு காதை வைத்துக் கேட்டாள். பதினோரு நிமிசத்துக்கு ஒரு மூச்சு என்றிருந்தது இருபதாகி, பிறகு முப்பத்தைந்தாகி இருந்தது.

பூமயில் ஒருநாள் தன் புருசனின் மேட்டோரம் தோண்டி ஓர் ஒறங்கானை எடுத்துப் பார்த்தாள். காய்ந்த இலை போல எடையே இல்லாமல் இருந்தது. வால் சுருங்கி, அந்தச் சிவப்புக் கோடு ஒரு நூலாகியிருந்தது. அதைத் திரும்ப வைத்து மூடிவிட்டு, நேராக இருளப்பன் வீட்டுக்குப் போனாள்.

ஆலமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். "குழாய்த் தண்ணி ஊத்திப் பாத்தாச்சு, லாரித் தண்ணி ஊத்திப் பாத்தாச்சு. ஒருத்தரும் அசையல. மழை வர்ற வரைக்கும் பொறுத்துத்தான் ஆகணும்" என்றார் இருளப்பன். ஆமாம் என்றார்கள். எழுப்பினால் இந்தப் பஞ்சத்தில் அவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீருக்கு எங்கே போவது என்று ஒருத்தர் சொன்னார், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவரைக் கோபிக்கவில்லை. அவ்வளவு காலம் தூங்குகிறவர்களோடு வாழ்ந்து வாழ்ந்து, விழித்திருந்தவர்களுக்கும் பாதி உறை கட்டியிருந்தது.

மறுநாள் காலை பூமயில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஜெபமணி கூடப் போனாள். மண்ணை விலக்கியபோது சித்திரவேலின் கக்கத்துக்குள்ளும் முழங்கால் மடிப்பிலும் ஏழெட்டு ஒறங்கான்கள் ஒண்டிக்கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வேறு குழி பறித்து வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிய பிறகுதான் பூமயில் புருசனின் உறையைக் கிழித்தாள். உள்ளே அவர் எலும்பும் தோலுமாக இருந்தார். தோளைப் பிடித்து உலுக்கினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள், கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் அன்றுதான் முதல்முறை. ஒன்றும் நடக்கவில்லை.

"விட்ருங்கக்கா" என்றாள் ஜெபமணி.

பூமயில் குழிக்குள் இறங்கி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாததால், நாலு வருசமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். அழாமல், குரல் ஏறாமல், பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போலச் சொன்னாள்.

"ஏங்க. தை மாசம் பதினேழாம் தேதி. பிள்ளைக்குக் காய்ச்சல் மூணாவது நாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பான்னு அதுவே வாய்விட்டுக் கேட்டுச்சு. அறுப்பு மிசின் இன்னைக்கு விட்டா பத்து நாளைக்குக் கெடைக்காது, நாளைக்குப் போகலாம்னு நீங்க சொன்னீங்க. மறுநாள் போனோம். போற வழியில பாலத்தடியில என் மடியிலயே செத்துப் போச்சு."

ஜெபமணி கடிகாரத்தைப் பார்த்தாள். "மூச்சு வந்துச்சுக்கா. மறுபடி சொல்லுங்க."

பூமயில் மறுபடி சொன்னாள். தை மாசம் பதினேழாம் தேதி. காய்ச்சல் மூணாவது நாள். அறுப்பு மிசின். நாளைக்குப் போகலாம். பாலத்தடி. மறுபடி சொன்னாள். முப்பத்தைந்து நிமிசம் இருபதானது, இருபது பத்தானது, வெயில் உச்சிக்கு வந்தபோது அவர் நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. எத்தனையாவது தடவையோ அவள் "நாளைக்குப் போகலாம்" என்ற இடத்துக்கு வந்தபோது, மண் அப்பிய உதடு திறந்தது.

"ஆமா" என்றார் சித்திரவேல். "நான்தான் சொன்னேன்."

அன்றைக்கு மத்தியானத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் மண்வெட்டியும் தண்ணீர்க் குடமுமாகத் தாவில் இறங்கியது. மீன்களை எடுத்து ஓரமாய் வைத்து மூடினார்கள், உறைகளைக் கிழித்தார்கள், பிறகு குழிக்குக் குழி உட்கார்ந்து, வீட்டுக்குள்கூடச் சொல்லாத பேச்சையெல்லாம் திறந்த வெளியில் சொன்னார்கள். "உங்க தம்பி உங்கள செருப்பால அடிச்சப்ப நானும் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள் மலைராசுவின் மனைவி. "அந்தப் பாண்டியம்மாளத்தான் கட்ட நெனச்சேன், உன்ன இல்ல, அது உனக்கு மொத நாளே தெரியும்" என்றான் மூக்காயியின் புருசன். பக்கத்துக் குழிக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருந்தது. ஐந்து நாள் தாவு முழுக்க இந்தப் பேச்சுத்தான். ஐந்தாம் நாள் சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் விழித்துவிட்டார்கள்.

விழிக்காதவன் கதிரேசன். இருபத்திரண்டு வயசு, சிவனம்மாளின் மகன். அவனுக்கு ஒரு துக்கமும் இல்லை. வெயில் பொறுக்கவில்லை, கூட்டாளிகள் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தவன். சிவனம்மாள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பார்த்தாள். "இவன ஒரு சொல்லு சொன்னதில்லயே" என்றாள் எல்லாரையும் பார்த்து. "ஒரு கொற வச்சதில்லயே. நான் என்னத்தச் சொல்ல?" அவன் வளர்த்த காளை செத்துவிட்டதாகப் பொய் சொல்லிப் பார்த்தார்கள். அவன் அம்மா செத்துவிட்டதாக அவளை வைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார்கள். மூச்சில் மாற்றம் இல்லை. சித்திரை பதின்மூன்றாம் தேதி காலையில் ஜெபமணி இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அவனைப் புதைக்க வேறு குழி தேவைப்படவில்லை.

இதற்கிடையில் சித்திரவேல் அழுதுகொண்டிருந்தார். விழித்த அன்று தொடங்கியது. நாலு வருசத்துத் துக்கம் அல்ல அது. மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் அதுவும் அவரோடு சேர்ந்து தூங்கியிருந்தது, நகம் போல, தாடி போல, அதுவும் ஓர் இம்மி மாறாமல் இருந்தது. நேற்று மகளைப் பறிகொடுத்தவர் போல அவர் தரையில் உருண்டார். ஊர்ப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நாலு வருசத்துக்கு முன் செத்த பிள்ளைக்காக மறுபடி வந்து வட்டமாய் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பூமயில் அவர்களுக்குக் காப்பி போட்டாள். டம்ளர்களைக் கழுவினாள்.

கதிரேசன் குழியில் கடைசி மண் விழுந்த பிறகு எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள். சிவனம்மாளை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு போனார்கள். சித்திரவேலுக்குக் கால் இன்னும் பலப்படவில்லை. பூமயிலின் தோளைப் பிடித்துக்கொண்டு நாலடி நடப்பதும் நிற்பதுமாக வந்தார். மற்றவர்கள் முன்னால் போய்விட, வெடித்த தாவின் நடுவில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மணி பன்னிரண்டு இருக்கும். கோரைத் தாள்கள் கரிந்து போய் நின்றன.

அவர் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். நரைத்த முடியை, தழும்பேறிய விரலை, ஒன்றையும் பார்க்காத அவள் கண்ணை, நிதானமாகப் பார்த்தார்.

"உன்ன யாருமே எழுப்பலயே" என்றார்.

"நான் எங்க தூங்குனேன்? முழிச்சுத்தான இருந்தேன்."

அவருக்கு அதைச் சொல்ல மனசில்லை. ஆனாலும் சொன்னார், கோபமில்லாமல், குழந்தைக்குத் தலை துவட்டுகிறவன் குரலில் சொன்னார்.

"நாளைக்குப் போகலாம்னு நான் உன்னப் பாத்துத்தான் சொன்னேன். நீ சரின்னு சொன்னே, பூமயிலு."

அடுப்படியில் நின்றிருந்தது, கையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தது, உள்ளே பிள்ளை முனகியது காதில் விழுந்தது, விழுந்தும் திரும்பாமல் "சரிங்க" என்றது, எல்லாம் அவளுக்குள் திரும்பி வந்தன. தான் சொல்லவே இல்லை என்று அவள் நாலு வருசமாக நம்பிக்கொண்டிருந்த அந்தச் சொல் அவள் வாயிலேயே இருந்தது. அவள் மறுபடி அதைச் சொன்னாள். "சரின்னேன். ஆமா. சரின்னுதான் சொன்னேன்."

பிறகு அவள் கீழே பார்த்தாள். சித்திரை வெயிலில் காய்ந்த தாவு மண்ணின்மேல் அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். ஒரு காலை எடுத்தாள், மறு காலை எடுத்தாள், எதை ஊன்றுவது என்று தெரியாமல் தடுமாறி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சுடுதுங்க" என்றாள் பூமயில். அவள் முகம் கோணியது. "அய்யோ, என்னங்க, கால் சுடுதுங்க."